டெக்சாஸ் காடைக்கும் டகோட்டா பனிக்கும் ஒரே நாய் போதுமா?

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக உரிமம் எடுத்து நண்பர்களோடு பறவை வேட்டைக்குப் போகிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் அபிலீன் பக்கம் குத்தகை நிலத்தில் காடை, செப்டம்பரில் இரண்டு மூன்று நாள் புறா, டிசம்பரில் ஒரு வாரம் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் (நீண்ட வாலுள்ள, கோழி போன்ற பறவை). இதுவரை நண்பர்களின் நாய்கள்தான் துணை. இப்போது சொந்தமாக ஒரு பாயின்ட் நாய் (பறவையின் வாடை பிடித்ததும் அசையாமல் நின்று காட்டும் நாய்) வாங்க நினைக்கிறேன். எனக்கு ஜெர்மன் வயர்ஹேர்டு மீது ஆசை. மனைவிக்கு விஸ்லா. கோவில்பட்டியிலிருந்து அப்பா, "வெயில் ஊருக்குச் சிப்பிப்பாறையைவிட எது தாங்கும்?" என்கிறார். ஏசி வீடு, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். 35 டிகிரி வெயிலுக்கும் உறைபனிக்கும் ஒரே நாய் போதுமா?

பதில்: போதும். உங்கள் கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ இருபது நாள் வேட்டை. அதில் ஆறேழு நாள்தான் பனியில், மற்றதெல்லாம் டெக்சாஸில். நாய் வருடம் முழுக்க வாழப்போவதும், பயிற்சி எடுக்கப்போவதும் டெக்சாஸில்தான். ஆகவே வெயிலைப் பார்த்து நாயை எடுங்கள். குளிருக்கு வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நடுங்குகிற நாய்க்குச் சட்டை மாட்டிவிடலாம். வெந்துகொண்டிருக்கிற நாயின் மயிரைக் கழற்றி வைக்க முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் வீட்டில் நடக்கிற மூன்று கட்சி விவாதம் பாதி முடிந்துவிடும்.

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறை வெயில் தாங்கும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. மெல்லிய உடல், ஒட்டிய வயிறு, குட்டை மயிர், எல்லாமே கரிசல் காட்டு வெயிலுக்கு வார்த்தவை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய்கள். முயல் ஓடினால் ஓடிப் பிடிக்கும். காடை வேட்டைக்குத் தேவை இதற்கு நேர் எதிரான குணம்: காற்றில் வரும் வாடையை மூக்கால் பிடித்து, பறவை புதரில் பதுங்கியிருக்கும்போதே பத்தடி தள்ளிச் சிலைபோல் நின்று, நீங்கள் வரும்வரை அசையாமல் காத்திருப்பது. இந்த நிற்றல் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து வந்த குணம். பழக்கி ஏற்றிவிட முடியாது. சிப்பிப்பாறை உங்கள் காடைக் கூட்டத்தைத் துப்பாக்கி எட்டாத தூரத்திலேயே கலைத்துவிடும். தவிர, 2024 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாய்க்கும் ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம்; வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால் அதற்கு மேலும் சான்றிதழ்கள் வேண்டும். (ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் காடை, கௌதாரி வேட்டை குற்றம். இந்தப் பதில் அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுகிறவருக்கானது.)

வெயில் ஏன் இவ்வளவு முக்கியம்? நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி மூச்சிரைப்புதான். நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஆவியாதல் நடக்காது. அதனால்தான் மழை பெய்து ஓய்ந்த 27 டிகிரிக் காலை, காய்ந்த 32 டிகிரியைவிடச் சில நாள் ஆபத்தாகிவிடுகிறது. நாய்க்காரர்கள் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டுங்கள், 150ஐத் தாண்டினால் கடும் வேலை வேண்டாம். காலை ஏழு மணிக்கு 78 டிகிரி ஃபாரன்ஹீட்டும் 80 சதவீத ஈரமும் இருந்தால் கூட்டல் 158. "இதமாகத்தானே இருக்கிறது" என்று இறங்கும் காலைகள் இவைதான். ஆனால் காய்ந்த காற்றில் இந்தக் கூட்டல் குறைவாகவே வரும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். காற்று எவ்வளவு காய்ந்திருந்தாலும் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூச்சிரைப்பில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. இரைக்கிற நாய் வாயால் காற்று இழுக்கிறது. மோப்பம் பிடிக்க மூக்கால் உறிஞ்ச வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒழுங்காக நடக்காது. வெயில் தாங்காத நாய் மயங்கி விழுவதற்கு ரொம்ப முன்பே பறவையைத் தவறவிட ஆரம்பித்துவிடும். "இன்று இவனுக்கு மூக்கே இல்லை" என்று குறைபடுகிற நாட்களில் பல, மூக்கின் குறையால் வருவதில்லை. உடம்புச் சூட்டால் வருகின்றன.

சரி, எந்த உடம்பு சூட்டைச் சீக்கிரம் விடும்? மூன்றைப் பாருங்கள்: அளவு, மயிர், நிறம்.

அளவைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. சூடு தசையில் பிறக்கிறது, தோல்வழியும் போகிறது. உடல் பெரிதாகப் பெரிதாக எடை கூடுகிற வேகத்துக்குத் தோலின் பரப்பு கூடுவதில்லை. 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 410 சதுர சென்டிமீட்டர் தோல்; 35 கிலோ நாய்க்கு 310தான். அதாவது சின்ன நாய்க்குத் தன் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தோல். வெயிலில் இது வரம். பனியில் இதுவே சாபம். ஒரே இனத்திலும் 22 கிலோ பெட்டைக்கும் 31 கிலோ கடுவனுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மயிரில் நீளத்தைவிட முக்கியம் அடிமயிர். மேல்மயிருக்கு அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது அது. காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு போர்வையாக வேலை செய்யும். விஸ்லாவுக்கு அடிமயிர் கிடையாது. இங்கிலீஷ் பாயின்டரும் குட்டை மயிர்க்காரர். ஜெர்மன் வயர்ஹேர்டுக்குக் கம்பிபோன்ற மேல்மயிர் ஓரிரு அங்குலமும் அதனடியில் குளிர்காலத்தில் அடர்கிற அடிமயிரும் உண்டு. கடைசியாக நிறம்: வெள்ளையும் புள்ளியுமான முதுகு வெயிலைத் திருப்பி விடுகிறது, முழுக் கறுப்பும் அடர்ந்த ஈரல் நிறமும் உறிஞ்சிக்கொள்கின்றன. மேகமூட்டமான நாளில் இது பெரிதில்லை. நிழலே இல்லாத மேற்கு டெக்சாஸ் மேய்ச்சல் நிலத்தில் பெரிது.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். ஜெர்மன் வயர்ஹேர்டு அருமையான நாய். தெற்கு டகோட்டாவில் டிசம்பரில் ஃபெசன்ட் எங்கே ஒதுங்கும்? வயலில் பனி விழுந்ததும் சம்பங்கோரை மண்டிய சதுப்புக்குள் போய்விடும். அரைகுறையாக உறைந்த தண்ணீர், உடைகிற பனித்தகடு, தோலைக் கீறும் தட்டை. அந்த இடத்துக்கு அந்த மயிரைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை. காயம்பட்ட சேவல் ஃபெசன்ட் ஓடினால் தடம் பிடித்துப் போய்க் கவ்வி வருவதிலும் இந்த இனம் கெட்டி. நீங்கள் மினசோட்டாவிலோ வடக்கு டகோட்டாவிலோ குடியிருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம், எடுங்கள் என்பேன். ஆனால் உங்கள் ஊரில் நவம்பர் முதல் வாரத்தில் பத்து மணிக்கெல்லாம் 28 டிகிரி வந்துவிடும் நாட்கள் உண்டு. அந்த நாயை ஒன்பதரைக்கு வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். டெக்சாஸில் வயர்ஹேர்டு வைத்து வேட்டையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. அவர்கள் ஜனவரியையும் பிப்ரவரியையும் நம்பி ஓட்டுகிறார்கள், இரண்டு மூன்று நாய்களை மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். ஒரே நாய் வைத்திருக்கப்போகிற உங்களுக்கு அந்த வசதி இல்லை. அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், மயிர் குட்டையாக, தோலோடு ஒட்டிக் கரடுமுரடாக இருக்கிற பெற்றோரின் குட்டியைத் தேடுங்கள். தாடியும் புருவமும் தொங்க, தொட்டால் மெத்தென்று இருக்கும் மயிர் வேண்டவே வேண்டாம். அது போர்வையாகவும் இருக்கும், முள்ளையும் வாரிக்கொள்ளும்.

மனைவியின் தேர்வு உங்கள் தேர்வைவிட டெக்சாஸுக்குப் பொருந்தும். ஹங்கேரியச் சமவெளியில், கடும் கோடையில் உருவான இனம் விஸ்லா. பெட்டை 20 முதல் 25 கிலோ. வீட்டில் ஆளோடு ஒட்டிக்கொண்டு திரியும், பிள்ளைகளோடு பழகும். வயலிலும் உங்களைவிட்டு அதிகத் தூரம் போகாது. இரண்டு சங்கடம். ஒன்று, குளிர். மைனஸ் பத்தில் ஈரமானால் அரை மணியில் நடுங்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, மனசு மிக மென்மையானது. அதட்டிப் பழக்கினால் சுருங்கிப்போய்ப் பறவையையே தவிர்க்கத் தொடங்கும். முதல் நாய் வளர்க்கிறவர் கையில் இது அடிக்கடி நடக்கிறது.

வெயிலில் எல்லோரையும் தோற்கடிக்கிற நாய் இங்கிலீஷ் பாயின்டர். தெற்கு டெக்சாஸின் பெரிய காடைப் பண்ணைகளில் அது அரசன். டென்னசி மாநிலத்தின் ஏம்ஸ் பிளான்டேஷனில் நடந்துவந்த தேசியப் போட்டியில் மூன்று மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். அதை அதிகம் வென்றதும் பாயின்டர்கள்தான். ஆனால் அந்த ஓட்டத்துக்காகவே வளர்த்தெடுத்த நாய் முந்நூறு நானூறு கெஜம் முன்னால் போய் நிற்கும். குதிரையிலோ திறந்த வண்டியிலோ பின்தொடர்கிறவருக்கு அது சரி. நடந்து போகிற உங்களுக்கு நாயைத் தேடுவதே வேட்டையாகிவிடும். கவ்வி வருவதில் நாட்டமும், பனிச் சதுப்பில் இறங்கும் துணிவும் பல பாயின்டர்களுக்குக் குறைவு. கார்டன் செட்டர் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்து நாய், கறுப்பு, கனம், நீள மயிர், உங்களுக்கு வேண்டாம். வைமரனர் 35 கிலோவைத் தொடும், அதுவும் வேண்டாம். இங்கிலீஷ் செட்டர் மிச்சிகன், மினசோட்டாக் காடுகளில் ரஃப்ட் கிரௌஸ் என்ற காட்டுப் பறவையைத் தேட அழகான நாய். ஆனால் அதன் காலிலும் வாலிலும் தொங்குகிற மயிர் டெக்சாஸ் முள்ளுக்கு விரித்த வலை.

என் தேர்வு இரண்டுக்குள் நிற்கிறது. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், சுருக்கமாக ஜிஎஸ்பி, இல்லையென்றால் பிரிட்டனி.

ஜிஎஸ்பியில் பெட்டை எடுங்கள். வளர்ந்தால் 20 முதல் 23 கிலோவுக்குள் நிற்கும் வம்சமாகப் பாருங்கள். முழு ஈரல் நிறம் வேண்டாம், வெள்ளையில் ஈரல் புள்ளி தெளித்தது வேண்டும். மயிர் குட்டை என்றாலும் அடர்த்தி உண்டு. விஸ்லாவைவிடக் குளிரை ஒருபடி கூடத் தாங்கும். நிற்கும், தடம் பிடிக்கும், தண்ணீரிலிருந்தும் கவ்வி வரும். பிரிட்டனி 14 முதல் 18 கிலோ, பெரும்பகுதி வெள்ளை, ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு உடம்பளவிலும் தோதான நாய். வெயிலில் ஜிஎஸ்பிக்குச் சளைத்ததில்லை. அது பின்தங்குவது ஒரே இடத்தில்: டகோட்டாவின் பனிக்கட்டித் தண்ணீரில். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். நீங்கள் டிசம்பர்ப் பயணத்தை அக்டோபர் கடைசிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் (அங்கே ஃபெசன்ட் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கிவிடுகிறது) பிரிட்டனியையே முதலில் சொல்வேன். டிசம்பர்தான் என்றால் ஜிஎஸ்பி.

இனத்தைவிட வம்சம் முக்கியம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்காக வளர்த்த ஜிஎஸ்பியும் வயலுக்காக வளர்த்த ஜிஎஸ்பியும் பெயரில்தான் ஒன்று. வளர்ப்பவரிடம் "நல்ல வேட்டை நாயா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "தாய் போன பருவத்தில் எத்தனை நாள் வயலில் இறங்கியது, எந்த மாவட்டத்தில், வெயில் ஏறின பிறகு எவ்வளவு நேரம் ஓடியது?" என்று கேளுங்கள். முடிந்தால் 25 டிகிரியில் தாயை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நிழலில் நிறுத்தினால் பத்து நிமிடத்துக்குள் மூச்சு தணிய வேண்டும். இருபது நிமிடமாகியும் நாக்கு வெளியே பட்டையாகத் தொங்கினால் அந்த ஈற்றை விட்டுவிடுங்கள். வேட்டை நாய்களுக்குத் தேர்வு வைக்கும் நாவ்டா அமைப்பு 16 மாத வயதுக்குள் நடத்தும் இயல்புத் திறன் தேர்வில் மூக்கு, தேடல், தண்ணீர், நிற்றல், தடம் பிடித்தல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. முழு மதிப்பெண் 112. பெற்றோரின் தாளை வாங்கிப் படியுங்கள், பரிசைவிடத் தனித்தனி மதிப்பெண்ணைப் பாருங்கள். இடுப்பு மூட்டுக்கு இரண்டு வயதுக்குப் பின் எடுத்த ஓஎஃப்ஏ (நாய்களின் மூட்டுகளைப் படம் பார்த்து மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு) சான்று வேண்டும். ஜிஎஸ்பியில் பகல் குருடு எனப்படும் கூம்புச் செல் சிதைவு, ரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் நோய், தோலைத் தாக்கும் லூபாய்ட் நோய் மூன்றுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. முடிவைக் காட்டத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

குட்டி எந்த மாதம் பிறந்தது என்பதும் பருவநிலைக் கணக்கில் சேரும். பிப்ரவரி, மார்ச்சில் பிறந்து எட்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிற குட்டிக்கு ஏப்ரல், மே மாதக் காலைகள் கிடைக்கும். நவம்பரில் எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும், லேசாக வயலுக்குக் கூட்டிப்போகலாம். ஜூனில் வாங்கினால் முதல் மூன்று மாதம் ஏசிக்குள்ளேயே போய்விடும்.

ஏசி வீடு என்று நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 23 டிகிரியில் எட்டு மாதம் படுத்திருந்த நாயை ஒரு நாள் காலையில் 30 டிகிரியில் இறக்கினால் எந்த இனமும் திணறும். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். பருவத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்: விடியற்காலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது நிமிட ஓட்டம், வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டி எழுபது எண்பது வரை. நீச்சல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதோடு தினமும் நிழலும் தண்ணீரும் உள்ள கொல்லையில் ஒரு மணி, பிறகு இரண்டு மணி இருக்கவிடுங்கள். எடையையும் பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். கூடுதலாக இரண்டு கிலோ கொழுப்பு என்பது கழற்ற முடியாத ஸ்வெட்டர்.

செப்டம்பர்ப் புறாவுக்கு முதல் வருடம் குட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். புறா வேட்டையில் நாய்க்கு நிற்கிற வேலை இல்லை, கவ்வி வருகிற வேலைதான். வெயிலோ 35ஐத் தாண்டும். சுற்றிலும் பத்துப் பேர் விடாமல் சுடுவார்கள். ஆறேழு மாதக் குட்டிக்குச் சூடும் வெடிச்சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து துப்பாக்கிப் பயமாக உறைந்துவிட்டால், அதை எடுக்க ஒரு வருடம் ஆகும், சில சமயம் எடுக்கவே முடியாது. இரண்டாம் வருடமும் சூரியன் சாய்ந்த பிறகு, நிழலில் உட்கார வைத்து, விழுந்த புறாவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

அபிலீன் பக்க நிலம் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். அங்கே மண்டியிருக்கும் மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். சப்பாத்திக்கள்ளி இருக்கிறது, நெருஞ்சியும் இருக்கிறது. குட்டை மயிர் நாய்க்கு முள் உடம்பில் ஒட்டாது, ஆனால் குத்தும். பாதமெத்தையைத் தினமும் பாருங்கள். கள்ளியும் நெருஞ்சியும் அடர்ந்த இடத்துக்குக் காலுறை வேண்டும். கடையில் கிடைக்கும் ரப்பர் காலுறை போதும். சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுநாடா சுற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நாடாவை மயிரோடு ஒட்டுங்கள், ஆனால் இறுக்காதீர்கள். இறுக்கினால் ஒரு மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும். புதுக் காலுறையைப் பருவத்துக்கு முன்பே வீட்டில் பத்து நாள் போட்டுப் பழக்க வேண்டும். வெதுவெதுப்பான நாட்களில் ரேட்டில்பாம்பு (வாலைக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு) வெளியே கிடக்கும். பாம்பைத் தவிர்க்கும் பயிற்சியை வருடந்தோறும் பருவத்துக்கு முன் கொடுங்கள். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு டெக்சாஸில் மாதாந்திர மருந்தைக் குளிர்காலத்திலும் நிறுத்தக் கூடாது.

தண்ணீர்: 23 கிலோ நாய்க்கு வெயில் நாளில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்து முதுகில் சுமந்துகொள்ளுங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து வாய் மட்டும். தாகம் முற்றி ஒரேயடியாகக் குடிக்கவிட்டால் வயிறு உப்பும். வண்டியில் உடம்பை நனைக்கத் தனியாக இருபது லிட்டர். இன்னொரு பழக்கத்தையும் இப்போதே கற்றுக்கொடுங்கள்: வாளித் தண்ணீருக்குள் பிடித்த தீனியைப் போட்டு, நாய் தானாகத் தலையை முக்கி எடுக்கப் பழக்குவது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணி நாய் மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஓடி முடித்த நாய்களின் உடல்சூட்டை மற்ற வழிகளைவிடச் சீக்கிரம் இறக்கியது இந்தத் தலைமுக்கல்தான். நீங்கள் பிடித்து முக்கக் கூடாது. தெளிவாக நிற்கிற நாய் தானாகச் செய்தால் மட்டுமே.

ஆபத்து வரும்போது அடையாளம் இப்படி இருக்கும்: நாக்கு நுனியில் கரண்டிபோல் அகன்று தொங்கும், ஈறு செக்கச் சிவக்கும், கூப்பிட்டால் திரும்பாது, நிழல் தேடிப் புதருக்குள் படுக்கும். பின்கால் தள்ளாடினால் நேரம் கடந்துவிட்டது. சாதாரண உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி. ஓடும்போது 41 வரைகூடப் போகும். நின்றதும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டாலோ தள்ளாடினாலோ முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். இருக்கிற தண்ணீரை எல்லாம் வயிறு, அக்குள், உள்தொடை, முதுகு என்று உடம்பு முழுக்க ஊற்றி, காற்றுப் படும்படி நிறுத்துங்கள் அல்லது படுக்க வையுங்கள். ஈரத்துண்டால் மூடி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். குளிர்ந்த தண்ணீர் ஆபத்து என்ற பழைய பயம் வேண்டாம், ஊற்றுங்கள். ஆசனவாய் வெப்பமானி 39.5 காட்டியதும் நிறுத்திவிட்டு ஏசி போட்ட வண்டியில் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

டகோட்டாவுக்கு வாங்க வேண்டியது கொஞ்சம்தான். மூன்று மில்லிமீட்டர் நியோப்ரீன் சட்டை, மார்பையும் வயிற்றையும் மூடுவதாக. அக்குளில் விரல் இரண்டு நுழைய வேண்டும்; இல்லையென்றால் இரண்டாம் நாளே தோல் உராய்ந்து புண்ணாகும். அதை வயலில் மட்டும் போடுங்கள், வண்டியில் ஏறியதும் கழற்றித் துடைத்து, குளிர்காற்று நேரே அடிக்காத கூண்டில் காய்ந்த விரிப்பில் படுக்க வையுங்கள். ஈரத்தோடு திறந்த லாரித் தட்டில் கிடப்பதுதான் நாயைக் கொல்லும் குளிர். விரலிடுக்கு மயிரைக் கத்தரித்துவிட்டுப் பாதமெழுகு தடவினால் பனி உருண்டை ஒட்டாது. காதுநுனியையும் வால்நுனியையும் மாலையில் பாருங்கள், வெளுத்துப்போயிருந்தால் தேய்க்காமல் வெதுவெதுப்பான துணியால் ஒற்றுங்கள். ஒரே நாய் என்பதால் அரை நாள் வேலை, அரை நாள் ஓய்வு. அங்கே துப்பாக்கி பத்து மணிக்குத்தான் அனுமதி, ஆகவே பத்திலிருந்து ஒன்று வரை அதற்கு. மதியம் நண்பர்களின் நாய்களுக்கு.

உணவும் அங்கே மாறும். வீட்டில் 1,200 கலோரியில் ஓடுகிற நாய்க்குப் பனியில் வேட்டை நாளில் இரட்டிப்பு தேவைப்படும். முப்பது சதவீதப் புரதமும் இருபது சதவீதக் கொழுப்பும் உள்ள உணவை ஆறு வாரம் முன்பிருந்தே கொடுத்துப் பழக்குங்கள். கிளம்பும் அன்று மாற்றினால் வயிற்றுப்போக்குதான். முழு உணவை இரவில், ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். ஆழமான மார்புள்ள இந்த இனங்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. நடுவில் ஒரு கைப்பிடி தீனி போதும்.

தெற்கு டகோட்டாவின் புல்வெளிகளில் இன்னொன்றைத் தேடுங்கள். நம் ஊர் ஒட்டுப்புல் வேட்டியில் ஏறுவதுபோல, அங்கே காட்டு ரை வகைப் புல்லின் ஊசிமுனை விதைகள் நாயின் வாய், மூக்கு, அக்குள், விரலிடுக்கு வழியே உள்ளே ஏறும். ஒரே திசையில் நகரும் அமைப்பு அவற்றுக்கு, பின்னால் வராது. மூச்சோடு உள்ளே போனது நுரையீரல்வரை நகர்ந்து, வாரங்கள் கழித்து நெஞ்சில் சீழ் கட்டும். ஒவ்வொரு நாள் மாலையும் சீப்பால் வாரி, வாயைத் திறந்து நாக்கடியும் ஈறும் பார்த்து, கண்ணை உப்புநீரால் கழுவுங்கள். திரும்பி வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் காரணமில்லாத காய்ச்சலோ இருமலோ வந்தால், டகோட்டாப் புல்லில் ஓடியது என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். டல்லாஸ் மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாமல் போகலாம்.